கூண்டுக்குத் தடை: சட்டமா, வாங்குபவர் விருப்பமா?

கேள்வி
பண்ணை விலங்குகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று அரசு சட்டம் போடத்தான் வேண்டுமா? "கூண்டு பிடிக்காதவர்கள் கூண்டில்லாப் பண்ணை முட்டையை வாங்கட்டும், அதற்கு எதற்குச் சட்டம்?" என்கிறார் என் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் சரியான பதிலும் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (முட்டைக்கோழிப் பண்ணையாளர்)
சட்டமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டுகளைக் கடன் வாங்கித்தான் போடுகிறோம். அவை பல வருடம் உழைத்தால்தான் கடன் அடையும். நடுவில் விதி மாறினால் பெரிய பண்ணை தாக்குப்பிடிக்கும், சின்னப் பண்ணை மூடப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் சாதாரணக் கூண்டுகளை (முட்டையிட ஒதுக்கிடமோ உட்காரக் கம்போ இல்லாத வெறும் கம்பிக் கூண்டுகளை) தடை செய்தபோது 2012 ஜனவரி வரை அவகாசம் தந்தது. அப்படியும் விதியை முழுதாக நிறைவேற்றாத 13 நாடுகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

பதில் 2 (கால்நடை மருத்துவர்)
பண்ணையாளர் ஐயா சொல்வது நியாயமான கவலை. ஆனால் தடை எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஐரோப்பாவின் அந்தப் பழைய கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தபட்ச இடம் 550 சதுர செ.மீ. ஏ4 தாளே அதைவிடப் பெரியது. அப்படி அடைபட்ட கோழியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெறும் கம்பித் தரையில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து தீவனத்தை அலகால் தன் பக்கம் இழுத்து, இறகைச் சிலிர்த்து, மண்ணில் புரள்வது போலவே புரளும். உடம்பில் மண் ஒட்டவே ஒட்டாது. முட்டையிடும் நேரம் வந்தால் ஒதுங்க இடம் தேடி, மற்ற கோழிகளை மிதித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். எத்தனையோ பண்ணைகளுக்குப் போய்விட்டேன், இதைப் பார்ப்பது மட்டும் எனக்குப் பழகவில்லை.

எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கால்களை நீட்ட ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்று பிரிட்டனில் பிராம்பெல் குழு 1965-லேயே சொல்லிவிட்டது. சினைப் பன்றியை அடைக்கும் ஒற்றைக் கூண்டில் இன்றும் அது திரும்ப முடியாது. கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும்.

சரி, உங்கள் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். முட்டைப் பெட்டியைப் பார்த்தால் கூண்டு தெரியாது, விலைதான் தெரியும். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2018-இல் நேராக வாக்குச்சீட்டில் கேட்டபோது சுமார் 63 சதவீதம் பேர் கூண்டுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள்.

எந்த மாதிரிச் சட்டம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பிரிட்டன் 1999-இல் ஒற்றைக் கூண்டைத் தடை செய்தது. ஆனால் தடை வளர்ப்பதற்குத்தான், விற்பதற்கு இல்லை. வெளிநாட்டில் அதே கூண்டில் வளர்த்த பன்றியின் இறைச்சி தாராளமாக உள்ளே வந்தது. அடுத்த சில வருடங்களில் உள்நாட்டுப் பன்றி எண்ணிக்கை பெரிதும் சரிந்தது (நோய், நாணய மதிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு). கொடுமை நிற்கவில்லை, இடம் மாறியது. கலிபோர்னியா விற்பனையையே கட்டுப்படுத்தியது: எங்கே வளர்த்தாலும் தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி இல்லாவிட்டால் அதன் குட்டிகளின் இறைச்சியை அங்கே விற்க முடியாது. உற்பத்தியாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-இல் 5-க்கு 4 என்ற நீதிபதிகளின் தீர்ப்பில் சட்டம் தப்பியது.

பதில் 3 (கேள்வி கேட்டவர்)
நன்றி டாக்டர். ஆனால் முட்டை விலை ஏறினால் முதலில் அடிபடுவது ஏழைகள்தானே? அண்ணன் அடுத்து இதைத்தான் கேட்பார்.

பதில் 4 (கால்நடை மருத்துவர்)
ஏறும், மறுக்க மாட்டேன். சுவிட்சர்லாந்தில் 2022 வாக்கெடுப்பில், விலங்குகளைத் தொழிற்சாலை போல அடைத்து வளர்ப்பதற்கு இறக்குமதியையும் சேர்த்தே கட்டுப்பாடு கேட்டார்கள். விலை ஏறும் என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதம். சுமார் 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கூண்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் இல்லை. திறந்த கொட்டகையில் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தும், உயரத்திலிருந்து விழுந்து மார்பெலும்பு முறியும். அதைச் சமாளிக்கப் பழகிய ஆட்கள் வேண்டும், அதற்கும் பணம் வேண்டும்.

அந்தச் செலவை ஏழை தலையிலோ ஐயா மாதிரிச் சின்னப் பண்ணையாளர் தலையிலோ கட்டக் கூடாது. கூண்டை மாற்றும் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், விதி இறக்குமதிக்கும் பொருந்த வேண்டும், சொல்லாமல் வந்து பார்க்கும் ஆய்வாளர்கள் வேண்டும். இதில் எது குறைந்தாலும் அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். கூண்டை முழுதாக ஒழிக்கக் கேட்டு ஐரோப்பாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு தருவதாக ஐரோப்பிய ஆணையம் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) 2021-இல் வாக்குக் கொடுத்தது. அந்தக் கெடு தாண்டிப் போய்விட்டது.