கால்பந்து டைபிரேக்கரில் (சமநிலையில் முடிந்த ஆட்டத்தை மாறி மாறிப் பெனால்டி உதைத்து முடிவு செய்வது) நின்றவர்களே, அந்த நொடி உங்களுக்கு எப்படி இருந்தது?

இடதுகால்:
கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. ஆட்டம் 1-1, டைபிரேக்கரில் நான்காவது உதை என்னுடையது. பயிற்சியில் பெரும்பாலும் தவறவிடாதவன் என்பதால்தான் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் எனக்கு இன்று எதுவும் நினைவில்லை. பந்தை வைத்துவிட்டுக் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டியபடியே பின்னோக்கி நடந்ததும், விசில் ஒலித்த கணமே, எந்த மூலை என்று முடிவு செய்யாமலே ஓடியதும் மட்டும் நினைவிருக்கின்றன. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது. நார்வே நாட்டு உளவியலாளர் கெய்ர் யோர்டெட், முதுகு காட்டுவதும் விசில் கேட்டவுடன் ஓடுவதும் அழுத்தத்திலிருந்து சீக்கிரம் விடுபடத் துடிப்பதன் அடையாளங்கள் என்று எழுதியிருப்பதைப் பின்னர் படித்தேன். அன்று அவரும் எங்கள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாரோ என்று ஐயம் வந்தது.

வலைக்காவல்:
உதைப்பவருக்கு மட்டும்தான் நடுக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் மாவட்ட இறுதிப் போட்டியில் எதிரணித் தலைவர் பந்தை நடுவிலே மெல்ல உருட்டினார். நானோ அதற்குள் வலப்பக்கம் பாய்ந்து மண்ணில் கிடந்தேன். அசையாமல் நின்றிருந்தால் காலாலேயே தடுத்திருப்பேன். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளைப் பார்த்ததில், கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6.3 விழுக்காடுதான். பாய்ந்து தோற்றால் முயன்றான் என்பார்கள், நின்று தோற்றால் மரம்போல நின்றான் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் பாய்கிறோம். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கிய வீரர் பனென்கா பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டது இந்த அச்சத்தை நம்பித்தான் என்பது என் கருத்து.

கண்டீரவா கேலரி:
வலைக்காவல் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினொரு மீட்டர் தூரத்திலிருந்து வரும் பந்தைத் தடுக்காவிட்டால் கோல்கீப்பரை எவரும் திட்டுவதில்லை. தடுத்தால் அவர் நாயகன். 2023 ஜூலை 4 அன்று பெங்களூரில் தெற்காசிய இறுதிப் போட்டியைக் கேலரியிலிருந்து பார்த்தேன். குவைத்தின் ஆறாவது உதையை இந்தியக் கோல்கீப்பர் குர்ப்ரீத் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டபோது எழுந்த ஆரவாரத்தில் பக்கத்தில் இருந்தவர் பேசியதே கேட்கவில்லை. உதைத்தவரின் முகத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மேலும், அழுத்தத்தை உண்டாக்குபவரே கோல்கீப்பர்தானே! 2022 உலகக் கோப்பை இறுதியில் பிரான்சின் சுவாமெனி உதைக்க வந்தபோது அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் பந்தை எடுத்து அப்பால் வீசினார். சுவாமெனி வெளியே அடித்தார். உதைப்பவரை முறையற்று திசைதிருப்பக் கூடாது என்று அடுத்த ஆண்டே விதியில் சேர்த்தார்கள்.

பழைய பயிற்சியாளர்:
என் கதை சிறியது. டைபிரேக்கருக்காகவே கடைசி நிமிடத்தில் ஒரு மாணவனை இறக்கினேன், அவன் தவறவிட்டான். 2021இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் ராஷ்போர்டும் சாஞ்சோவும் அப்படியே இறக்கப்பட்டுத் தவறவிட்டபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். ஆகவே இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: மூலையை நடுக்கோட்டில் நிற்கும்போதே முடிவு செய்து, எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். பந்தை நீங்களே கையில் வாங்கி வையுங்கள். விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு முழுதாக விடுங்கள். விசில் உதைக்கலாம் என்ற அனுமதியே தவிர, உடனே உதை என்ற கட்டளை அன்று. களைத்த காலோடுதான் பயிற்சி செய்யுங்கள், காலையில் புத்துணர்ச்சியோடு அடிக்கும் ஐம்பது உதைகளால் பயனில்லை. தவறவிட்டவரை எதிர்கொண்டு அழைத்து வரவும் ஒருவரை முன்பே நியமித்து வையுங்கள்.

இடதுகால்:
ஐயா, நான் ஆடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. அறிவுரை இனி என் மகனுக்குத்தான் உதவும். ஆனால் தாங்கள் இறுதியில் சொன்னது என்னை எதையோ நினைக்க வைத்துவிட்டது. நான் நடுக்கோட்டுக்குத் திரும்பியபோது எவரும் எதிர்கொண்டு வரவில்லை. எங்கள் கோல்கீப்பர் மட்டும் கையுறையை இறுக்கியபடி என்னைக் கடந்து கோலை நோக்கிப் போனார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.