கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் பள்ளிகள் பாடச் சுமையைத் தளர்த்த வேண்டாமா?

கேள்வி – ஒரு தாய், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பும், மகன் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பும் படிக்கிறார்கள். மார்ச் பிறந்ததிலிருந்து வீட்டில் நான் பார்ப்பதைச் சொல்லி, ஆசிரியர்களும் மற்றப் பெற்றோர்களும் என்ன கருதுகிறீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

மூன்றாம் பருவப் புத்தகம் கைக்கு வந்த ஜனவரியில் ஒரு பாடத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், இப்போது 'போர்ஷன் முடிய வேண்டும்' என்பதற்காகச் சமூக அறிவியலில் இரண்டு நாளைக்கு ஒரு பாடம் என்று ஓட்டுகிறார்கள். நடத்துவது என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகையில் எழுதிப் போடும் வினா விடைகளைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வகுப்பில் எழுதி முடிக்காததை வீட்டில் எழுத வேண்டும். நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு மகள் எழுதிக்கொண்டிருந்தபோது, வியர்வையில் மை கலையாமலிருக்க உள்ளங்கைக்குக் கீழே கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தாள். மூன்றாம் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே உட்காரும் அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுகிறார்களாம். "எதைப் பற்றிய பாடம் அம்மா இது?" என்று கேட்டேன். பக்கத்தைப் பின்னால் புரட்டித் தலைப்பைப் பார்த்த பிறகுதான் அவளால் பதில் சொல்ல முடிந்தது.

மகனுடைய நிலை வேறு. ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பத்தாம் வகுப்புப் பாடங்கள் தொடங்கி ஏப்ரல் 30 வரை நடக்கும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. ஏப்ரலின் பிற்பாதியில் எங்கள் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல.

பெற்றோர் கூட்டத்தில் இதை எழுப்பினேன். கடைசி நாள் வரை பிடியைத் தளர்த்தாமல் இருந்தால்தான் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். விடுமுறைக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் பாடத்தைக் குறைத்துக்கொள்வது உண்மையிலேயே பிள்ளைகளைக் கெடுத்துவிடுமா?

பதில் – அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

சகோதரி, உங்கள் மகளின் கைக்குட்டையைப் பற்றிப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தளர்த்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தளர்த்துவது என்றால் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள்களையும் 1000 மணி நேரத்தையும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய பெற்றோர் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைக்கின்றன. ஒரு நாள் முன்னதாகப் பள்ளியை மூடினால் அந்த ஒரு நாள் சாப்பாடும் போகிறது என்பதை வீட்டில் சமைத்து வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வெயிலைக் கருதி அரசு தேதிகளை மாற்றத்தான் செய்கிறது. 2025இல் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கான ஆண்டுத் தேர்வை முன்னுக்குக் கொண்டுவந்து ஏப்ரல் 7 முதல் 17 வரை நடத்தினார்கள். 2023இல் பள்ளித் திறப்பை ஜூன் 7க்குத் தள்ளி, அதன் பிறகு மேல் வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14 என்று மீண்டும் தள்ளினார்கள். தேதி நகர்ந்ததே தவிர, அந்தத் தேதிக்கு முந்தைய வாரங்களில் வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிப்படுத்தும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, அடிநிலையிலிருந்து மேல்நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து வைத்திருக்கிறோம். ஜூன் முதல் பிப்ரவரி வரை மொட்டும் மலரும் என் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அரும்பில் இருக்கும் நான்கைந்து பேரிடம் உட்காரக் கிடைப்பது நாளைக்குப் பத்து நிமிடம். மார்ச் பிற்பாதியில் புதிய பாடம் எதையும் தொடங்குவதில்லை என்று நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு முழுக் காலை வேளையும் கிடைத்தது. சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் 'கொ'வையும் 'கெ'வையும் பிரித்தறிய முடியாமல் ஆண்டு முழுதும் தவித்தான். மூன்று வாரம் அவனை என் பக்கத்திலேயே உட்கார வைத்து, வாசிப்பு மூலையிலிருந்து அவன் எடுத்துவந்த ஒரே யானைக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன். கடைசி வாரத்தில் 'கொம்பு' என்ற சொல்லில் நிற்காமல் கடந்து போனான். கடந்துவிட்டோம் என்று அவனுக்கே இரண்டு வரி தள்ளித்தான் தெரிந்தது. திரும்பி வந்து அந்தச் சொல்லை இன்னொரு முறை சத்தமாகப் படித்தான்.

பதில் – கணித ஆசிரியர், தனியார் மேல்நிலைப் பள்ளி, சேலம்

அம்மா, உங்கள் மகனுக்கு வந்திருப்பது போன்ற சுற்றறிக்கைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை ஓர் ஆசிரியராக விளக்க விரும்புகிறேன். அதை நான் முழுவதும் நியாயப்படுத்தவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச்சிலோ ஏப்ரலிலோ வருகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகள். ஆகவே பாடம் நடத்த உண்மையில் கிடைப்பது ஜூன் முதல் நவம்பர் வரையிலான ஆறு மாதங்கள். அதிலும் காலாண்டுத் தேர்வு, பண்டிகை விடுமுறை, மழை விடுமுறை எல்லாம் கழியும். அதனால்தான் எங்களைப் போன்ற பள்ளிகள் ஏப்ரலைப் பிடித்துக்கொள்கின்றன. பள்ளி நடத்தாவிட்டால் டியூஷன் சென்டர் அதே பாடத்தை அதே வெயிலில் நடத்தும், பெற்றோர் பணமும் கட்டுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஏழாம் வகுப்புக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. அங்கே நடக்கும் ஓட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் கிடக்கிறது: பொங்கல் விடுமுறை முடிந்ததும் விளையாட்டு விழா, அதை அடுத்து ஆண்டு விழா, அதற்கு மூன்று வார ஒத்திகை. அந்தக் கடனைத்தான் மார்ச்சில் பிள்ளைகளின் கையெழுத்தில் வசூலிக்கிறோம்.

இனி என் சொந்த அனுபவம். சில ஆண்டுகள் ஏப்ரலில் பத்தாம் வகுப்பின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' முழுவதையும் நடத்தி முடித்துவிட்டு, இரண்டாம் பாடத்தோடு ஜூனைத் தொடங்கலாம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரத்தில், கார்ட்டீசியன் பெருக்கலில் மிக எளிய கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். நாற்பது பேரில் சரியாகச் செய்தவர்கள் ஏழு பேர். அந்தப் பாடத்தை முதலிலிருந்து மீண்டும் நடத்தினேன். ஏப்ரலில் எடுத்த அதே எண்ணிக்கை வகுப்புகளே மறுபடியும் தேவைப்பட்டன. அந்தப் பதினெட்டு நாள் உழைப்பு எங்கே போயிற்று என்று அன்று மாலை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

அதன் பின் ஏப்ரலில் நான் புதிய பாடம் எடுப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதலையும் வடிவியல் வரைதல்களையும் மட்டும் மதிப்பெண் இல்லாமல், தேர்வு இல்லாமல், மெதுவாகச் செய்ய வைக்கிறேன். காரணிப்படுத்தத் தெரியாமல் பத்தாம் வகுப்புக்கு வரும் மாணவன் இருபடிச் சமன்பாட்டில் நுழைய முடியாது. நிர்வாகத்தின் பதிவேட்டில் அது 'பத்தாம் வகுப்புக்கான அடிப்படைப் பயிற்சி' என்று இருக்கிறது. இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் அந்த வகுப்புகள் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

ஏப்ரலுக்கென்றே நம் ஊரில் ஒரு பாடம் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி 24ஆம் தேதியை ஒட்டிச் சென்னை வரை, நிழலில்லா நாள் ஒவ்வோர் ஊராக வடக்கே நகர்ந்து செல்கிறது. சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நட்டு வைத்த கோலுக்கு அன்று நண்பகலில் பக்கவாட்டில் நிழலே விழாது. எங்கள் பகுதியில் 16, 17 தேதிகளில், பகல் 12 மணி 18 நிமிடத்தை ஒட்டி அது நிகழும். ஆகஸ்டில் மறுபடி வரும் என்றாலும் அப்போது மேகம் மறைத்துவிடுவதுண்டு. ஏப்ரல் வானம் அநேகமாக ஏமாற்றாது.

பணியில் இருந்தபோது ஓர் ஆண்டு, தேர்வு முடிந்து சில நாள்கள் மீதமிருந்த சமயத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் இதைச் செய்தோம். முழ நீளத்துக்கு அறுத்த பிளாஸ்டிக் குழாயைச் சிமெண்டுத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்தார்கள். வெயிலில் இருப்பது ஒரு நிமிடம், மீதி நேரம் வேப்பமர நிழல். புள்ளிகள் குழாயை நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் குறிக்க இடமில்லாமல் போயின. சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால், ஒரு பெண் குனிந்து குழாய்க்குள் பார்த்தாள். அடிவரை வெளிச்சம் வட்டமாக விழுந்திருந்தது. "கிணறு மாதிரி இருக்கு சார்" என்றாள். மற்றவர்களும் முறை வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகச் சொல்லி மணி அடித்த பிறகும் அந்தப் புள்ளிகளை ஏன் அளக்கக் கூடாது என்று கேட்டு நின்றார்கள். ஆண்டின் நடுவில், போர்ஷனுக்கு இடையில், இதற்கு எனக்கு ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை.

மறுமொழி – கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை சொன்னதைப் படித்த பிறகு, விடுமுறையை முன்கூட்டியே விடுங்கள் என்று கேட்க நினைத்திருந்ததைக் கைவிட்டேன். மூன்று கோரிக்கைகளை எழுதப் போகிறேன்: ஆண்டு விழா ஒத்திகையைக் குறைத்துப் பாடங்களை மார்ச் முதல் வாரத்துக்குள் முடிப்பது, அதற்குப் பின் பார்த்து எழுதும் வேலையே கொடுக்காமல் விடுபட்டதைப் புரிய வைப்பது, ஒன்பதாம் வகுப்புக்கு ஏப்ரலில் புதிய பாடம் எடுக்காமலிருப்பது. இந்த ஆண்டே ஏதாவது மாறுமா என்பதுதான் தெரியவில்லை.

பதில் – கணித ஆசிரியர், சேலம்

இந்த ஆண்டு ஏப்ரலுக்கான கால அட்டவணை அநேகமாக முடிவாகியிருக்கும், அம்மா. மூன்றாவது கோரிக்கையை மட்டும் இப்போதே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் பத்துப் பேராவது கையெழுத்திட்டால் மறுக்கத் தயங்குவார்கள். ஆண்டு விழாவுக்கான தேதியைப் பள்ளிகள் ஜூனிலேயே நாட்காட்டியில் அச்சிட்டுவிடுகின்றன. ஆகையால் மற்ற இரண்டையும் மே மாதத்துக்குள், புதிய நாட்காட்டி அச்சுக்குப் போகும் முன்பே கொண்டு சேர்த்துவிடுங்கள்.