91 ஹைலக்ஸ் கெப்புக்குப் பின் பிரேக் பைப் எங்கே கிடைக்கும்?

ஹட்டன் கெப்காரன்
வண்டி எல்.என். 106 டபுள் கெப், 1991. இப்போது மரக்கறி ஏற்றுகிறேன், முன்பு இருந்தவர் உர மூட்டை ஏற்றியிருக்கிறார். போன கிழமை டிக்கோயா இறக்கத்தில் பெடல் பாதிக்கும் கீழே போய்விட்டது. முன் பிரேக் பிடித்ததால் ஓரமாக நிறுத்த முடிந்தது. குனிந்து பார்த்தால், பின் அக்சிலுக்குப் போகிற இரும்புப் பைப் சேசிஸ் கிளிப்புக்குள் துருப்பிடித்துக் கசிகிறது. ஹட்டனில் மூன்று கடை, நாவலப்பிட்டியில் ஒரு கடை, எங்கும் இல்லை. ஒரு கராஜில் அந்தத் துண்டை வெட்டிவிட்டு பிரிட்ஜ் செம்புப் பைப் போட்டு ஜொயின் பண்ணலாம் என்கிறார்கள். செய்யலாமா?

கொழுந்து லொறி
தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. என் லொறியில் எட்டு வருடமாகச் செம்புதான். துருவே பிடிக்காது. ஒரிஜினல் ஒரிஜினல் என்று அலைந்தால் ஏற்றுகிற மரக்கறி வாடிப்போகும், வண்டி கராஜில்தான் நிற்கும்.

பண்டாரவளை பாஸ்
செய்யாதீர்கள். பிரிட்ஜ் பைப் தாங்குகிற அழுத்தம் வேறு, பிரேக் லைன் வேறு. திடீரென்று பெடலை முழுக்க மிதித்தால் உள்ளே 100 பார் கூடத் தாண்டும். தனிச் செம்பு, வண்டி அதிர அதிர இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடிக்கும். அந்த ஜொயினும் பிரேக்குக்குச் செய்தது இல்லை. அதோடு பிரிட்ஜ்காரர்கள் பைப் வாயை ஒரு மடிப்புத்தான் விரிப்பார்கள். ஜப்பான் வண்டிக்கு இரட்டை மடிப்பு வேண்டும். அண்ணே, எட்டு வருடம் தாங்கியது உங்கள் அதிர்ஷ்டம், அதைத் தம்பிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

ரயிலில் கொழும்பு
இரண்டு பேரும் விடுங்கள். காலை ரயிலைப் பிடித்து கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். கழற்றிய ஹைலக்ஸ் சாமான் தெருத்தெருவாகக் கிடக்கிறது. பைப், ஹோஸ், வால்வ் என்று செட்டாகவே வாங்கலாம்.

பண்டாரவளை பாஸ்
பம்பர், லைட் என்றால் நானே அங்கேதான் போவேன். பிரேக் பைப்புக்கு மாட்டேன். உங்கள் பைப்புக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். அத்தனை காலம் நாடே பழைய வண்டியில்தான் ஓடியது. நல்ல நிலையில் இருந்த சாமானெல்லாம் எப்போதோ யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பழைய ஹோஸ் இன்னும் மோசம். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் ஓயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சில்லு பிடித்துக்கொண்டே சூடாகும்.

தம்பி, நீங்கள் தேடுவதே தவறான சாமான். வளைத்து ரெடியாக இருக்கிற ஹைலக்ஸ் பைப்பைத் தேட வேண்டாம். செம்பு நிக்கல் பைப் ரோலாகக் கிடைக்கும், 4.75 மில்லிமீட்டர். சிலர் பதினாறில் மூன்று இஞ்சி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வொல்வோ 1970களிலேயே இதைப் போட்டது. நட் பத்து மில்லிமீட்டர், புரி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஜெர்மன் வண்டி நட்டும் அதே புரியில் ஏறும், ஆனால் அதன் பைப் வாய் குமிழ் மாதிரி இருக்கும், உங்கள் வண்டியில் உட்காராது. கடைக்காரர் “இதுவும் ஒன்றுதான்” என்றால் நம்பாதீர்கள், பழைய துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள்.

ரயிலில் கொழும்பு
ரோல் எங்கே கிடைக்கும்? பண்டாரவளையிலா?

பண்டாரவளை பாஸ்
பஞ்சிகாவத்தையில்தான் 🙂 சரி, அந்தப் பாதி உங்கள் பக்கம்.

கொழுந்து லொறி
பைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். இரம்பொடை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆவது எதனால்? ஓயில் கொதிப்பதால்! டொட் 3 பிரேக் ஓயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் குடித்தால் 140க்கு இறங்கிவிடும். நம் ஊர் மழைக்கு எத்தனை பேர் ஓயில் மாற்றுகிறீர்கள்? நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். அதனால்தான் எட்டு வருடம்.

பண்டாரவளை பாஸ்
அண்ணே, இதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஓயில் நல்லது என்பதற்காக வெடித்த பைப் பிடித்து நிற்காது.

ஹட்டன் கெப்காரன்
வேலை முடிந்தது. பஞ்சிகாவத்தையில் 25 அடி ரோல் வாங்கினேன், ஹோஸ் மட்டும் புதிதாக, தயாரித்த வருடம் பார்த்து. பாஸ் கராஜிலேயே வாய் விரித்துக் கொடுத்தார். பின்னால் பாரத்துக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வில் ஒரு நட் இறுகி, முனை தேய்ந்து, அதைக் கழற்றவே பாதி நாள் போனது. டொட் 4 ஊற்றி எயார் எடுத்தோம். பெடல் இப்போது மேலேயே கல் மாதிரி நிற்கிறது.

கொழுந்து லொறி அண்ணே, பத்து அடி பைப் மிச்சம் இருக்கிறது.

கொழுந்து லொறி
எடுத்து வையுங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பக்கம் வருவேன். சும்மா பார்க்கத்தான்.