வகாட்சுகி அகழி: பகைக்கா, பாசனத்துக்கா?

கோட்டைவாசல்:
ஜப்பானின் நாரா படுகையில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலின் தைஜோயின் மடத்துக்குச் சொந்தமான வகாட்சுகி ஷோயெனுக்கு (கோயிலுக்கு வரி கட்டிய நிலவுடைமை) இரண்டு நிலப்பதிவேடுகள் எஞ்சியுள்ளன. 1307 பதிவேட்டில் வீடுகள் வயல்களுக்கு நடுவே ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கின்றன. 1466 பதிவேட்டிலோ எல்லாரும் அகழி சூழ்ந்த ஒரே ஊருக்குள். இடையில் 1429 முதல் 1439 வரை யமாதோ நாட்டில் (இந்தப் படுகை இருக்கும் பகுதியின் பழம்பெயர்) ஓயாத உள்நாட்டுப் போர். ட்சுட்சுயி என்ற போர்வீரர் குடும்பத்தின் கோட்டை பக்கத்திலேயே இருந்தது. அகழி எதற்கு என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

மடைக்காரன்:
கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் படுகை ஆறுகள் ஜோரி என்ற பழைய சதுர நிலக் கட்டங்களின் கோட்டிலேயே நேராக ஓடுகின்றன, அதாவது மனிதன் திருப்பிவிட்டவை. இருபுறமும் கரை கட்டியதால் வண்டல் வயலுக்குப் போகாமல் ஆற்றுக்குள்ளேயே படிந்து, ஆற்றுமடி வயலைவிட உயர்ந்துவிடும். கரை உடைந்தால் வெளியேறிய நீர் தானாக ஆற்றுக்குத் திரும்பாது, தாழ்ந்த வயலில் நாள்கணக்கில் தேங்கும். அதை வாங்கிக்கொள்ள ஒரு பள்ளம் வேண்டும்.

கோடையில் அதே பள்ளம் சேமிப்புத் தொட்டி. மேல்வாய்க்காலிலிருந்து நீரை உள்ளே விட்டு, கீழ்மடையில் பலகை போட்டு மட்டத்தை ஏற்றினால் கீழ்வயல்களுக்குப் பாயும். மழைக்கு முன் பலகையை எடுக்க மறந்தால் வீட்டு முற்றத்தில் தண்ணீர். தூர் வாராமல் விட்டால் சில ஆண்டுகளில் கொள்ளளவு பாதி போய்விடும். வாரிய சேறு வயலுக்கு எரு.

கோட்டைவாசல்:
தண்ணீர் சேமிக்க ஒரு குளம் போதுமே. நான்கு பக்கமும் சுற்றி வளைப்பானேன்? பாசனத்துக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் இருந்தாலே காரியம் முடிந்தது. சுற்றி வெட்டுகிற கூலியை எந்தக் குடியானவனும் சும்மா கொடுக்க மாட்டான்.

மடைக்காரன்:
சுற்றி வெட்டினால் மண் கிடைக்கிறது, அதனால்தான். ஜோரியின் ஒரு கட்டமான ட்சுபோ 109 மீட்டர் சதுரம். உதாரணத்துக்கு, ஊர் ஒரு ட்சுபோ, அதைச் சுற்றிய அகழி சரிவுகளைக் கழித்து சராசரி 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 436 மீட்டர். சுமார் 2,600 கன மீட்டர் மண் வரும். உள்ளே பரப்பினால் குடியிருப்பு ஒரு சாண் உயரும். தேங்கும் வெள்ளத்துக்கு ஒரு சாண் பெரிய விஷயம், வாசலோடு நின்றுவிடும்.

கோட்டைவாசல்:
அதே மண்ணை உள்விளிம்பில் குவித்தால்? மீட்டருக்கு 6 கன மீட்டர்: அடி 5, உச்சி 1, உயரம் 2 மீட்டர். ஆள் மறையும் கரை! உங்கள் கணக்கு என் கட்சிக்கும்தான் உழைக்கிறது.

ஏட்டுக்கணக்கு:
இருவரும் மண்ணிலேயே நிற்கிறீர்கள், பதிவேட்டின் தன்மையைப் பாருங்கள். 1307 ஏடு நிலத்தை ஏறத்தாழ சமமான ‘ம்யோ’ அலகுகளாகப் பிரித்து வரி கேட்கும் காலத்தது. வீடும் அந்த அலகோடு ஒட்டியே இருக்கும். பிறகு ம்யோ கட்டமைப்பு தளர்ந்து, வரியையும் நீர் முறையையும் ஊரே பொறுப்பேற்கிறது. ஊராகக் கூடியவர்கள் ஒரே இடத்தில் குடியேறுவது இயல்பு.

இன்னொன்று, நெல்லுக்குப் பின் அதே வயலில் வாற்கோதுமை. அதன்மேல் தனி வரி போடக்கூடாதென்று அன்று ஜப்பானை ஆண்ட காமாகுரா அரசு 1264-இலேயே உத்தரவிட்டது, எனவே அது அப்போதே பரவியிருந்தது. அந்தப் பயிருக்கு வயலில் ஈரம் வடிய வேண்டும். வயல் நடுவே ஆங்காங்கே வீட்டுமனை இருந்தால் வடிகால் ஒவ்வொன்றையும் சுற்றிப் போக வேண்டும்.

வடக்கே கிசு ஆற்றுச் சமவெளியில் வேறு வழி கண்டார்கள். தாழ்த்திய வயலின் மண்ணைக் குவித்து, நெல்வயல் நடுவே மேட்டுப் புன்செய்த் துண்டுகள் அமைத்தார்கள். ஷிமாபதாகே என்பார்கள். ஒரே பிரச்சினைக்கு எல்லா இடத்திலும் அகழி விடையல்ல.

கோட்டைவாசல்:
அப்படி வேறு வழியும் இருக்கும்போது நாராவில் ஏன் இத்தனை அகழி ஊர்கள்? நாராவில் போர் அதிகம் என்பதே என் பதில்.

மடைக்காரன்:
நாராவில் தண்ணீர் பற்றாக்குறையும் அதிகம். நோதோ, இவாய் ஆற்று நீரை எந்த ஷோயெனுக்கு எப்போது விடுவது என்று கோஃபுகுஜி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த நாடு அது. முறை வரும்போது வாங்கி வைக்க இடம் இல்லாதவன் நட்ட நாற்றை இழப்பான்.

ஏட்டுக்கணக்கு:
இரண்டு ஏடுகளுக்கும் நடுவே 159 ஆண்டு இடைவெளி. போருக்கு முன் வெட்டியதா பின் வெட்டியதா என்று ஏடு சொல்லாது. அகழியை வெட்டிப் பார்க்கிறவர்கள் இரண்டைக் கவனிக்கட்டும்: உள்விளிம்பில் கரையின் அடித்தடம் இருக்கிறதா, முற்றத்தில் ஒரே சமயத்தில் கொட்டிய மண்ணடுக்கு இருக்கிறதா.

கோட்டைவாசல்:
கரைத்தடம் கிடைத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

மடைக்காரன்:
கீழ்மடைப் பலகைக்கான காடி வெட்டிய மரத்தூண் அதனுடன் கிடைக்காதவரை.