97 வீரா காருக்கு மலிவு அட்ஜஸ்டபள் போடலாமா, ஒரிஜினல் அப்சோர்பரே போதுமா?

பிறை_வீரா

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். அப்பா ஓட்டுன 1997 புரோட்டோன் வீரா 1.6 ஆட்டோ கியர் கார் இப்ப என் கையில. வீடு பிறையில, வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில, ஷிஃப்ட். தினமும் பினாங்கு பாலம் ஏறி இறங்கணும். பாலத்துல இருக்கிற இணைப்பு ஒவ்வொண்ணுலயும் முன் இடது பக்கம் "டொக்"னு ஒரு அடி. 13.5 கிலோமீட்டரும் யாரோ கதவைத் தட்டிக்கிட்டே கூட வர்ற மாதிரி இருக்கு. குடியிருப்புத் தாமானுக்குள்ள பம்ப் ஏறி இறங்கினா மூணு தடவ குதிச்சுட்டுத்தான் அடங்குது. பிரேக் வச்சா மூக்கு குத்துது.

பட்டர்வொர்த்ல ஒரு கடையில, குலுக்கலை அடக்குற அப்சோர்பரைக் காட்டினேன். "நாலு அப்சோர்பரும் போச்சு. ஒரிஜினல் மாதிரி போட்டா 750 வெள்ளி. மேல 600 போட்டா அட்ஜஸ்டபள் செட்டே போட்டுக்கலாம் தம்பி, சத்தமும் போயிரும், காரும் அழகா உக்காரும்"னார். கூலியோட 1,350 ரிங்கிட். உயரமும் இறுக்கமும் மாத்திக்கிற தைவான் சாமான், இறுக்கத்துக்கு 32 கிளிக், ஒரு வருஷ வாரண்டி.

ஆசை இருக்கு, மறைக்கல. இப்ப ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவுல ஒரு பூனை படுத்துத் தூங்கலாம். ஆனா அம்மாவுக்கு முதுகு வலி. மாசம் ரெண்டு தடவ சுங்கைப்பட்டாணி அக்கா வீட்டுக்கு பின் சீட்டுல உக்காந்து வருவாங்க. 1,350 போடலாமா?

ஜெலுத்தோங்_சத்ரியா

போடு தம்பி. நான் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. தெலுக் பாஹாங்லேர்ந்து பாலிக் புலாவ் இறங்குற வளைவுல கார் தரையைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். ஆனா நான் தனி ஆளு, பின் சீட்டுல சாமான்கூட வைக்கிறதில்ல. அதையும் சொல்லிடணும்.

மைவி_வாங்கி_நொந்தவன்

நான் 2008 மைவி காருக்குப் போட்டேன். முதல் மாசம் சொர்க்கம். 14-வது மாசம் முன் வலது பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பிச்சுது. வாரண்டி 12 மாசம், கணக்கு சரியா இருக்கு பாருங்க. சரி, இடைப்பட்ட காலத்துக்கு உயரத்தையாவது ஏத்திக்கலாம்னு பார்த்தா உயரத்தைப் பூட்டுற லாக் ரிங் திரும்பல. மழைத் தண்ணி, சேறு, நமக்கு கடல் காத்து வேற, மறை முழுக்க துரு. ஸ்பானர் வளைஞ்சதுதான் மிச்சம். மைவிக்குப் பின்னால ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி, அதனால பின்னால அவ்வளவு தொல்லை இல்ல. உங்க வீராவுக்கு நாலு பக்கமும் அப்சோர்பர் மேலதான் ஸ்பிரிங். ஒண்ணு போனா மொத்தமா கழட்டணும்.

32 கிளிக்ல எனக்கு வித்தியாசம் தெரிஞ்சது மூணே இடம்: கல்லு, பெரிய கல்லு, பாறை.

ஸ்பானர்_அண்ணே

தம்பி, நான் 2001-லேர்ந்து ஸ்பானர் பிடிக்கிறவன், செபராங் பிறையிலதான் கடை. உன் காரை என்கிட்ட கொண்டு வான்னு சொல்ல வரல. முதல்ல ஒண்ணு கேக்குறேன். அந்த 1,350-ல மேல் மவுண்டிங் (அப்சோர்பரை பாடியோட பிடிக்கிற ரப்பர் சாமான்) புதுசா வருதா, இல்ல உன் பழைய மவுண்டிங்கையே கழட்டி மாட்டுவாங்களா? கடையில கேட்டுச் சொல்லு.

ஏன்னா நீ சொல்றது ரெண்டு வியாதி. பம்ப்ல மூணு தடவ குதிக்கிறதும் மூக்கு குத்துறதும் அப்சோர்பர். "டொக்" அப்சோர்பரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சின்ன இணைப்புல டக்குன்னு ஒரே அடியா, அதுவும் ஒரே பக்கம் வந்தா, முக்கால்வாசி மவுண்டிங் ரப்பர், ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாம பிடிக்கிற கம்பியோட இணைப்பு), லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க்கையோட ரப்பர்) இந்த மூணுல ஒண்ணு. இருபது வருஷத்துக்கு மேல ஆன ரப்பரை வச்சுக்கிட்டு இறுக்கமான ஸ்பிரிங் போட்டா, முன்ன ஸ்பிரிங் வாங்கிக்கிட்ட அடியெல்லாம் நேரா அந்த ரப்பருக்குப் போகும். சத்தம் போகாது, கூடும்.

வீட்டுலயே மூணு சோதனை பண்ணு. எஞ்சின் ஆஃப் பண்ணி ஃபெண்டரை ஒரு மூலையில நல்லா அமுக்கி விடு. ஒரு தடவ எழுந்து நிக்கணும். ரெண்டாவது தடவ ஆடுனா அந்த அப்சோர்பர் போச்சு. அப்புறம் பானட்டைத் திறந்து மவுண்டிங் நட்டு மேல லேசா கை வச்சுக்கோ, வேற யாராவது ஸ்டியரிங்கை முழுசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பட்டும். ஸ்பிரிங் சுருண்டு "டங்"னு விடுற மாதிரி கையில தெரிஞ்சா மவுண்டிங் பேரிங் காலி. மூணாவது, கார் நாலு சக்கரத்துல நிக்கும்போதே ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கையால பிடிச்சு ஆட்டு. டக் டக்னா அதுவும் போச்சு.

இப்ப அட்ஜஸ்டபள் கதைக்கு வரேன். இந்த விலையில எங்க மிச்சம் பிடிக்கிறாங்கன்னு வெளியே தெரியாது. பெயிண்ட், கலர், ரிங் எல்லாம் பளபளன்னு இருக்கும். ஆயில் சீலும் உள்ள இருக்கிற வால்வும்தான் மட்டம். அடுத்தது ஸ்பிரிங். செட்ல ஸ்பிரிங் இறுக்கத்தை "கே"ன்னு போடுவாங்க. 8கேன்னா 1 மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ வேணும். வீராவோட வந்த ஸ்பிரிங் அதுல பாதிகூட இல்ல. தார் ரோட்டுல ஜாலி, உங்க அம்மா உக்காருற இடத்துல தண்டனை.

இறக்குற விதத்துலயும் ரெண்டு இருக்கு. அடி பிராக்கெட்டைச் சுத்தி உயரம் மாத்துறது ஒண்ணு, அதுல அப்சோர்பர் ஓடுற தூரம் குறையாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்குறது இன்னொண்ணு. இதுல ரொம்ப இறக்கினா ஜாக்ல தூக்கும்போது ஸ்பிரிங் கொளகொளன்னு ஆடும், ரோட்டுல அப்சோர்பர் அடிமட்டத்துல முட்டும். மலிவு செட்ல ரெண்டாவது வகையும் கலந்து வருது, பார்த்து வாங்கணும். தரையோட தரையா இறக்கினா ரோட் பிளாக்ல ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கிட்ட பதில் சொல்றதும் உன் வேலைதான்.

பிறை_வீரா

அண்ணே, கேட்டேன். "பழைய மவுண்டிங் நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுக்கலாம்"னாங்க. கழட்டவே இல்ல, எப்படி நல்லா இருக்குன்னு தெரியும்?

சோதனை பண்ணேன். முன் இடது ரெண்டரை தடவ ஆடுது, மத்தது ஒண்ணரை. தங்கச்சி ஸ்டியரிங் திருப்ப, நான் கை வச்சேன். இடது பக்கம் அண்ணே, கை துள்ளிடுச்சு. "டங்". லிங்க்கும் ரெண்டு பக்கமும் ஆடுது.

ஸ்பானர்_அண்ணே

அப்ப பணத்தை ரப்பர்ல போடு. நாலு அப்சோர்பர், முன் மவுண்டிங் பேரிங்கோட ரெண்டு, லிங்க் ரெண்டு, லோவர் ஆர்ம் புஷ், பம்ப் ஸ்டாப் (அப்சோர்பர் முட்டாம தாங்குற ரப்பர்). மிட்சுபிஷி லான்சர் அடிப்படையில வந்த வண்டி, சாமானுக்குப் பஞ்சம் இல்ல. ஆனா ரப்பரும் அப்சோர்பரும் பொத்தோங் கடையில (பழைய கார் பிரிச்சு விக்கிற கடை) வாங்காதே, அதுவும் உன் கார் வயசுதான்.

ஒண்ணு மட்டும் கவனி. புஷ் போல்ட்டைக் கார் ஜாக்ல தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்க விடாதே. சக்கரம் தரையில நின்னு, காரோட கனம் இறங்கின பிறகுதான் இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடக்கும், ஆறு மாசத்துல கிழியும். பாதி கடையில இதைப் பண்றதில்ல, நேரம் ஆகும்னு. பக்கத்துல நின்னு பாரு.

அல்மா_அக்கா

தம்பி, எங்க வீட்டுக்காரர் இதே மாதிரி காரை இறக்கிட்டு வந்தார். மாமியாரை கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போன அன்னிக்கே திருப்பி ஏத்திட்டார். அவ்வளவுதான் சொல்லுவேன்.

பிறை_வீரா (17 நாள் கழிச்சு)

வேலை முடிஞ்சுது. வேற கடை. கயாபா பிராண்ட் அப்சோர்பர் நாலு, அண்ணே சொன்ன மவுண்டிங், லிங்க், புஷ் எல்லாம் சேர்த்து கூலியோட 1,180 வெள்ளி. பழைய முன் இடது அப்சோர்பரைக் கையில வாங்கி அமுக்கினேன், உள்ள போச்சு, திரும்ப வரவே இல்ல. மவுண்டிங் ரப்பர் நடுவுல அரை வட்டமா கிழிஞ்சு, இரும்பு இரும்போட உரசின தடம் வெள்ளையா தெரிஞ்சுது. முதல் கடைக்காரர் அப்சோர்பர் விஷயத்துல சொன்னது சரிதான், அதை ஒத்துக்கணும். ஆனா அந்த மவுண்டிங்கோட புது செட் மாட்டியிருந்தா இந்நேரம் 1,350 போட்டு அதே "டொக்"கைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

போல்ட் இறுக்கும்போது பக்கத்துலயே நின்னேன். ஃபோர்மன் ஒரு மாதிரியா பார்த்தார், ஆனா இறக்கி வச்சுத்தான் இறுக்கினார்.

பாலத்துல இப்ப டயர் சத்தம் மட்டும்தான். போன ஞாயிறு அம்மா சுங்கைப்பட்டாணி டோல்ல தான் கண்ணு முழிச்சாங்க. பூனைக்கு இடம் மட்டும் அப்படியே இருக்கு அண்ணே. இதே அப்சோர்பருக்கு ஒரு இஞ்ச் இறங்குற ஸ்பிரிங் மட்டும் போட்டா தாங்குமா?

ஸ்பானர்_அண்ணே

ஒரு இஞ்ச்னா தாங்கும், அதுக்கு மேல வேணாம். ஸ்பிரிங்கை வெட்டித் தரேன்னு எவனாவது சொன்னா கிளம்பிடு. போட்டா புஷ் போல்ட்டைத் தளர்த்தி புது உயரத்துல திரும்ப இறுக்கணும். ஆமா, சக்கரக் கோணம் பார்க்கிற அலைன்மெண்ட் பண்ணியா?

பிறை_வீரா

இல்லண்ணே. ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது, அதைக் கேக்கணும்னே இருந்தேன்.

ஸ்பானர்_அண்ணே

அதைப் பண்ணாம ஸ்பிரிங் பத்திப் பேசுறான் பாரு. டயர் உள் பக்கம் தேயறதுக்குள்ள நாளைக்கே போ.