விலை கூடிய ஃபாண்ட் (எழுத்துரு) கேட்கும் வாடிக்கையாளர்கள்: சிங்கப்பூர் வடிவமைப்பாளர்களே, உங்களுக்கு நடந்தது என்ன?

ஈசூன், திருமண அழைப்பிதழ் வேலை:

போன ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கான வேலை இது. மணமகளின் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெளிநாட்டு அழைப்பிதழ். பெயர்கள் தூரிகையால் இழுத்தது போலக் கொடி கொடியாக ஓடின. "தம்பி, இதே எழுத்துதான் வேணும், இங்கிலீஷ்லயும் தமிழ்லயும்" என்றார். 80 அட்டைகள். வடிவமைப்புக்கு நான் சொன்ன கூலி 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

அது எந்த ஃபாண்ட் என்று தேடிப் பிடித்தேன். உரிமமே 120 வெள்ளிக்கு மேல். விலையைச் சொன்னதும், "இலவசமாவே கிடைக்குதே, தங்கச்சி டவுன்லோட் பண்ணி வச்சிருக்கா" என்று கோப்பை அனுப்பிவிட்டார். திறந்து பார்த்தால் டெமோ பதிப்பு. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கூடவே குறிப்பும் இருந்தது. கல்யாணம் அவர்கள் வீட்டு விசேஷம்தான். ஆனால் நான் காசு வாங்கிக்கொண்டு செய்கிறேன், ஆகவே என் கையில் அது வணிகப் பயன்பாடு. இதை விளக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த எழுத்து அது. என் வேலைக்குக் கூலி கேட்கும் நான் அவர் கூலியை எப்படி விழுங்குவது?

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழில் இருந்தது. அந்த ஃபாண்டில் தமிழே கிடையாது. மணமகள் பெயரைத் தட்டிக் காட்டினேன், வெறும் கட்டங்கள் வந்தன. "இவ்வளவு விலை கொடுத்தாலும் தமிழ் வராதா?" என்று அவர் கேட்டபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. எனக்கும்தான். தமிழ் ஃபாண்ட் செய்பவர் 247 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. ஆனாலும் கு, சு, டு, ணு, மூ, ரூ என்று உகர ஊகார வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் உருவம் மாறுவதால் அங்கே கை நிறைய வேலை இருக்கிறது. அலங்கார ஃபாண்ட்கள் நமக்குக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம்தான் யோசனை வந்தது. அழைப்பிதழில் அலங்காரம் வேண்டியது இரண்டு பெயருக்கு மட்டும், மொத்தம் ஒன்பது எழுத்து. "அக்கா, கையாலேயே எழுதித் தர்றேன், 60 வெள்ளி கூட ஆகும்" என்றேன். சரி என்றார். டிரேசிங் தாளில் பிரஷ் பேனாவால் எழுதினேன். மணமகள் பெயரில் ஒரு 'ழி' இருந்தது. ழகரத்தின் கீழ்வாலை இடப்பக்கம் நீட்டி முந்தைய எழுத்துக்கு அடியில் ஓடவிட்டேன். மேல்வளைவைச் சற்றுத் தாழ்த்தினால்தான் வால் எடுப்பாகத் தெரிந்தது. பதினாலாவது தாளில் மனசுக்குப் பிடித்த மாதிரி வந்தது. அதை ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோடுகளாக்கினேன். முகூர்த்த நேரம், கோயில் முகவரி எல்லாம் கட்டமரான் (Catamaran) என்ற தமிழ் ஃபாண்டில் அமைத்தேன். அது திறந்த உரிமத்தில் வருகிறது, வணிக வேலைக்கும் காசில்லை.

பிடோக், லோகோ வேலை:

எனக்கு நடந்தது வேறு விதம். ஒரு சிறு நிறுவனத்துக்கு லோகோ செய்து கொடுத்தேன். விலை கூடிய ஃபாண்ட்தான், அதற்கு அவர்கள் மறுப்பே சொல்லவில்லை. வேலை முடிந்ததும், "ஃபாண்ட் ஃபைலையும் அனுப்பிடுங்க, ஆபீஸ்ல எல்லாரும் போட்டுக்குறோம்" என்றார்கள். நான் வாங்கியது என் கணினிக்கான உரிமம். அவர்கள் கடிதத்தில் பயன்படுத்த அவர்கள்தான் வாங்க வேண்டும், வெப்சைட்டில் போட அதற்குத் தனி உரிமம். சந்தா கட்டிப் பயன்படுத்தும் அடோபி ஃபாண்ட்களும் அப்படித்தான், லோகோ செய்யலாம், கோப்பைத் தூக்கிக் கொடுக்க முடியாது. எழுத்தை அவுட்லைன் ஆக்கிய கோப்பை, அதாவது ஃபாண்ட் இல்லாமலே திறக்கும்படி எழுத்துகளை வெறும் வரைகோடுகளாக மாற்றியதை மட்டும் கொடுத்தேன். ஏமாற்றிவிட்டதாக நினைத்து இரண்டு வாரம் பணம் தராமல் இழுத்தார்கள். முதல் நாளே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. இப்போது விலைப்புள்ளியில் ஃபாண்ட் விலையைத் தனியாகக் காட்டி, உரிமம் யார் பெயரில் என்றும் எழுதிவிடுகிறேன்.

சிராங்கூன் ரோடு பக்கம், அச்சு வேலை:

நான் 90 வெள்ளி இழந்தேன். வாடிக்கையாளர் "வாங்குங்க அண்ணே" என்றார், வாங்கினேன். மறுநாள் வேறு எழுத்து பிடித்துப்போனது அவருக்கு. விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து பேநவ் (PayNow) பணமாற்றுச் சேவையில் ஃபாண்ட் காசு வந்த பிறகுதான் வாங்கும் பொத்தானை அழுத்துகிறேன். அதுவரை விற்பவரின் பக்கத்திலேயே பெயரைத் தட்டி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக் காட்டுகிறேன்.

ஈசூன் தம்பிக்கு ஒரு கேள்வி. கட்டமரான் என்னிடம் இல்லஸ்டிரேட்டர் வடிவமைப்பு மென்பொருளில் உடைகிறதே, 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது?

ஈசூன்:

அண்ணே, ஃபாண்டில் குறை இல்லை. பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோத்து அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பிரதியை அவுட்லைன் ஆக்கி, கொ, கோ, கௌ மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். அந்த அக்காவின் அழைப்பிதழில் 'கோயில்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு வந்திருந்தது. தட்டியது நான்தான், கண்டுபிடித்தது அவர்.