உதவி தேவை: புரோக்கன் ஸ்வார்டு முதல் பாகம், இசை வருகிறது, குரல் வரவில்லை

நிலவறை: அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த புரோக்கன் ஸ்வார்டு என்ற பழைய கணினிப் புதிர் விளையாட்டை எடுத்து மறுபடி ஆட உட்கார்ந்தேன். படம் வருகிறது, இசை கேட்கிறது. ஆனால் ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்கள், எழுத்து மட்டும்தான் ஓடுகிறது. நாயகன் ஜார்ஜின் குரல் இல்லாமல் இதை ஆட மனமே வரவில்லை. சீக்கிரம் யாராவது வழி சொல்லுங்கள்.

கதிர்வேல்_க: எந்தப் பதிப்பு? 1996இல் வந்த இரண்டு சிடி பெட்டியா, 2009இல் வந்த டைரக்டர்ஸ் கட் என்ற புதுப்பித்த பதிப்பா? எதில் ஓட்டுகிறீர்கள்?

மணல்வீடு: சிடியில் கீறல் இருக்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். இந்த மாதிரிப் பிரச்சினை பெரும்பாலும் சிடியால்தான் வரும்.

தாரகை: ஸ்கம்விஎம் (பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) என்றால் ஒலி அமைப்பைப் பாருங்கள். குரல் மட்டும், எழுத்து மட்டும், இரண்டும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும்.

பழம்பெட்டி: தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. பதிப்பு தெரியாது, எப்படிப் போட்டீர்கள் என்று தெரியாது. நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? இங்கே பலமுறை பேசிய விஷயம் இது, தேடினாலே கிடைக்கும்.

நிலவறை: பழைய இரண்டு சிடி பெட்டிதான். ஸ்கம்விஎம்மில் ஓட்டுகிறேன். இரண்டு சிடியையும் ஒரே ஃபோல்டரில் காப்பி செய்தேன். கீறல் இல்லை. அமைப்பில் ‘இரண்டும்’ என்றுதான் இருக்கிறது.

மணல்வீடு: கண்ணுக்குத் தெரியாத கீறலும் உண்டு.

ஓடம்: பழைய டாஸ் கணினி போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். பழைய ஆட்டத்தைப் பழைய சூழலில் ஆடுவதுதான் சரி.

கதிர்வேல்_க: பாதி ஆட்டத்தில் சிடி மாற்றும் தொல்லை ஸ்கம்விஎம்மில் இல்லையே. எதற்கு டாஸ்பாக்ஸ்?

தாரகை: எப்படியோ, அயர்லாந்து போய்ச் சேருங்கள், அங்கே ஆடு காத்திருக்கிறது. அந்த ஒரு புதிருக்காகவே நான் இந்த ஆட்டத்தைப் பாதியில் விட்டேன்.

ஓடம்: ஆட்டுப் புதிரில் என்ன குறை? கயிற்றில் கட்டிய ஆடு, பக்கத்தில் பழைய கலப்பை. எல்லாம் கண்ணெதிரிலேயே இருக்கிறது.

தாரகை: கண்ணெதிரில் இருப்பது போதாது. அதுவரை ஆற அமர யோசிக்கவிட்ட ஆட்டம், திடீரென்று வேகமாகக் கிளிக் செய்யச் சொல்கிறது. ஆடு முட்டி விழுந்த ஜார்ஜ் எழுந்திருப்பதற்குள் கலப்பையைத் தொட வேண்டும் என்று எந்தக் குறிப்பும் இல்லை. டைரக்டர்ஸ் கட்டில் அதை எளிதாக்கியதே போதும், நான் சொல்வது சரி என்பதற்கு.

ஓடம்: எளிதாக்கியதில்தான் எனக்கு வருத்தம். அங்கே மாட்டிக்கொண்டு தவித்து, கடைசியில் ஆட்டின் கயிறு கலப்பையில் சிக்கியபோது வந்த சந்தோஷம் வேறு எந்தப் புதிரிலும் வரவில்லை.

பழம்பெட்டி: ஆட்டுக்கு வேண்டுமானால் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

அரவிந்தன்_ப: நிலவறை, காப்பி செய்யும்போது ‘இந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா’ என்று கேட்டதா? இரண்டு சிடியிலும் ஸ்பீச்.சிஎல்யூ என்று ஒரே பெயரில் ஃபைல் உண்டு. பெயர்தான் ஒன்று, உள்ளே இருக்கும் வசனங்கள் வேறு வேறு. முதல் சிடியில் இருப்பதை ஸ்பீச்1.சிஎல்யூ என்றும் இரண்டாவதில் இருப்பதை ஸ்பீச்2.சிஎல்யூ என்றும் பெயர் மாற்றி, இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்கம்விஎம் தேடுவது அந்தப் பெயர்களைத்தான், எண் இல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. கிளஸ்டர்ஸ், மியூசிக், ஸ்மாக்ஷி ஃபோல்டர்களில் இருப்பவற்றையும் இரண்டு சிடியிலிருந்தும் எடுத்துச் சேருங்கள்.

மணல்வீடு: அதற்கு முன்னால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

தாரகை: ஓடம், சந்தோஷம் வந்தது சரி. அதைத் தானாகக் கண்டுபிடித்தீர்களா, யாராவது சொன்னார்களா?

ஓடம்: தானாகத்தான். கோபத்தில் கண்ட இடத்தையெல்லாம் கிளிக் செய்தபோது கிடைத்தது.

தாரகை: நானும் அதைத்தானே சொல்கிறேன்!

நிலவறை: பெயர் மாற்றினேன், பேசுகிறார்கள். நன்றி அரவிந்தன்.

அரவிந்தன்_ப: மகிழ்ச்சி. இரண்டாவது சிடியின் காட்சிப் படங்களும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று, அங்கே போனதும் சொல்லுங்கள்.

கதிர்வேல்_க: நிலவறை, என்ன ஆயிற்று? ஓடுகிறதா?